சென்சார் வாங்கும் முன் மெஷினைச் சுற்றி நடங்கள்

என் தம்பி பினாங்கு புக்கிட் மின்யாக்கில் ஒரு பேக்டரியில் மெயின்டனன்ஸ் பொறுப்புக்கு வந்திருக்கிறான். போன வாரம் போன் செய்தான். "அக்கா, மேனேஜ்மென்ட் பட்ஜெட் கொடுத்துட்டாங்க. ஒயர்லெஸ் வைப்ரேஷன் சென்சார் வாங்கணுமாம். எந்த பிராண்டு நல்லது?" என்று கேட்டான். நான் பிராண்டு பேர் சொல்லவில்லை. பதிலுக்கு, "உன் பேக்டரியில் போன வருஷம் எது எது நின்றது, ஏன் நின்றது?" என்று கேட்டேன். அங்கே தொடங்கிய பேச்சு ராத்திரி வெகுநேரம் போனது. பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் இதே கேள்வியை வைத்துக்கொண்டு நிற்கிற நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் எழுதி வைக்கிறேன்.

நான் வேலை செய்வது பிறையில், பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் பேக்டரி. முன்னால் மோல்டிங் மெஷின்கள் ஓடும். விருந்தாளிகள் வந்தால் அவற்றைத்தான் காட்டுவார்கள். பின்பக்கம் சில்லர், கூலிங் டவர், தண்ணீர் பம்ப், ஏர் கம்ப்ரசர் எல்லாம் இருக்கும். இவற்றில் ஒன்று படுத்துவிட்டால் முன்னால் ஒரு வரிசையே நின்றுவிடும். 2018 அக்டோபரில் மலேசிய அரசாங்கம் 'இண்டஸ்ட்ரி ஃபோர்வர்ட்' கொள்கையை வெளியிட்டதிலிருந்து ஸ்மார்ட் பேக்டரி என்ற பேச்சு எல்லாக் கூட்டத்திலும் இருக்கிறது. எனக்கு அதில் முழு நம்பிக்கை உண்டு. ராத்திரி ஷிப்டில் யாருமே எட்டிப் பார்க்காத ஒரு பம்ப், தன் உடம்பு சரியில்லை என்று தானே சொல்ல முடிந்தால் அது பெரிய விஷயம். ஆனால் அது சொல்வதைக் கேட்கிற இடத்தில் காதை வைக்க வேண்டும். அந்த இடம் எது என்று தெரிந்தவர் சென்சார் விற்க வருகிறவர் இல்லை. பத்து வருஷமாக அந்த மெஷினுக்குக் கிரீஸ் அடிக்கிறவர்தான்.

அதனால் முதல் வேலை, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மூத்த டெக்னீஷியனோடு பின்பக்கம் நடப்பது. எங்கள் இடத்தில் ஓர் அண்ணன் இருக்கிறார். கம்ப்ரசர் அறைக் கதவைத் திறக்கும்போதே எந்த மெஷின் லோடில் இருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஒவ்வொரு மெஷின் முன்னாலும் அவரிடம் மூன்று விஷயம் கேட்டேன். இது எப்படிக் கெட்டுப் போகும்? கெடுவதற்கு முன்னால் என்ன மாறும்? எத்தனை நாள் முன்னால் மாறும்? பம்ப் என்றால் பேரிங், மெக்கானிக்கல் சீல். கூலிங் டவர் என்றால் கியர்பாக்ஸும் ஃபேன் இறக்கையும். கம்ப்ரசருக்கு எண்ணெய்ச் சூடு. மோல்டிங் மெஷினின் ஹீட்டர் பேண்டு எரிந்து போவதற்கு அதிர்வு (வைப்ரேஷன்) சென்சார் எதுவும் செய்யாது; அங்கே மின்னோட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒயரைக் கழற்றாமல் சுற்றி மாட்டுகிற ஒரு சிடி கிளாம்ப் போதும். இப்படி எழுதிக்கொண்டே வந்தால், அதிர்வு சென்சார் உண்மையில் எத்தனை வேண்டும் என்பது மேனேஜ்மென்ட் மனதில் இருந்த எண்ணிக்கையைவிடக் குறைவாகவே வரும். மீதிப் பணத்துக்கு வேறு நல்ல செலவு இருக்கிறது.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. விலை குறைந்த சென்சார்கள் நிறைய வெப்பநிலையை மட்டும் பார்ப்பவை. பேரிங் சூடேறுகிறது என்றால் அது அநேகமாகக் கடைசிக் கட்டம். அதிர்வில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் முன்னாலேயே தெரிய ஆரம்பித்துவிடும். பேரிங்கைக் காப்பாற்ற வெப்பநிலை சென்சாரை மட்டும் நம்ப வேண்டாம்.

அதிர்வு சென்சாரிலும் எல்லாம் ஒன்றல்ல. விற்க வருகிறவர் முதலில் காட்டுவது மொத்த அதிர்வு என்கிற ஓர் எண். வினாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று இருக்கும். ஐஎஸ்ஓ 10816 தரத்தில், இப்போது 20816 என்ற வரிசைக்கு மாறி வருகிறது, 15 கிலோவாட்டிலிருந்து 300 கிலோவாட் வரையிலான மெஷின் கெட்டியான அடித்தளத்தில் நின்றால் 1.4, 2.8, 4.5 என்று எல்லைகள் உண்டு. 4.5ஐத் தாண்டினால் ஆபத்து. நல்ல தரம்தான், நாங்களும் பயன்படுத்துகிறோம். பேலன்ஸ் போனது, கப்ளிங் கோணியது, போல்ட் தளர்ந்தது எல்லாம் அந்த எண்ணில் தெரியும். ஆனால் பேரிங்கின் ஓடுதடத்தில், அதாவது குண்டுகள் உருளும் பாதையில், நகக்கீறல் அளவு உரிந்திருந்தால் அந்த எண் அசையாது. அது முதலில் தெரிவது சில ஆயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில். மொத்த அதிர்வு எண்ணோ வழக்கமாக 10லிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரைதான் பார்க்கும்.

ஆகவே டேட்டா ஷீட்டில் நான் முதலில் விரல் வைப்பது அதிர்வெண் எல்லையில். 5 கிலோஹெர்ட்ஸ் வரை பார்க்க வேண்டுமென்றால் வினாடிக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அளவுப் புள்ளிகள் (சாம்பிள்) எடுக்க வேண்டும்; நடைமுறையில் 2.56 மடங்கு, அதாவது 12,800. அடுத்து, ஒரு தடவைக்கு எத்தனை புள்ளிகள் எடுக்கிறது? 4,096 என்று போட்டிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.32 வினாடி. நிமிடத்துக்கு 1,470 சுற்று ஓடும் மோட்டாரில் அந்த நேரத்துக்குள் ஷாஃப்ட் எட்டுச் சுற்றுகூட முழுசாகச் சுற்றியிருக்காது. கூலிங் டவர் ஃபேன் 300 சுற்றில் ஓடினால் ஒன்றரைச் சுற்றுதான். ஒன்றரைச் சுற்றை வைத்து ஒரு ஃபேனுக்கு என்ன வியாதி என்று யாராலும் சொல்ல முடியாது. மெதுவாகச் சுற்றும் மெஷினுக்கு நீளமான பதிவு எடுக்கும்படி அமைப்பை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு விஷயம் தெரியுமா இல்லையா என்பது புரிந்துவிடும்.

இந்தக் கணக்கு ரேடியோவையும் தீர்மானிக்கிறது. 4,096 புள்ளி, புள்ளிக்கு 2 பைட், மூன்று அச்சு என்றால் கிட்டத்தட்ட 24 கிலோபைட். லோரா என்பது குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் போகும் ரேடியோ; அதில் ஒரு பொட்டலத்துக்கு அதிகபட்சம் இருநூற்றுச் சொச்சம் பைட்தான் போகும். தூரம் கூடினால் அது சில பத்து பைட்டாக இறங்கிவிடும். அதனால் லோராவைத் தண்ணீர்த் தொட்டி மட்டம், அறை ஈரப்பதம், மின்சார மீட்டர் போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே அது அருமையாக வேலை செய்யும்; சென்சார்கள் அனுப்புவதை வாங்கி நெட்வொர்க்குக்குக் கொடுக்கும் கேட்வே ஒன்றே முழு வளாகத்துக்கும் போதும். முழு அலைவடிவம் வேண்டுமென்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் போக வேண்டும், கேட்வேயும் கிட்டத்தில் இருக்க வேண்டும். எண்ணெய், கேஸ் ஆலைகளில் ஒயர்லெஸ்ஹார்ட் பார்த்திருப்பீர்கள்; ஹார்ட் என்ற கருவித் தொடர்பு முறையின் ஒயர்லெஸ் வடிவம். ஐஇசி 62591 என்ற உலகத் தரம் அது. அங்கே ஏற்கெனவே ஹார்ட் கருவிகள் நிறைந்திருக்கும், அதனால் பொருந்தும். எங்களைப் போன்ற பேக்டரிக்கு அது கட்டாயம் இல்லை.

வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது வாங்கச் சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள். லோராவுக்கு நம் நாட்டில் 919லிருந்து 923 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம்தான்; ஐரோப்பாவுக்குச் செய்த 868 வகையை இங்கே மாட்டக் கூடாது. ரேடியோ உள்ள எந்தக் கருவிக்கும் சிரிம் (நம் நாட்டுத் தரச்சான்று நிறுவனம்) சான்று இருக்கிறதா என்று பார்த்து, சான்றின் நகலைக் கொட்டேஷனோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் ஆய்வை எப்போது செய்கிறோம் என்பது முக்கியம். விற்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வர விரும்புவார்கள், யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உற்பத்தி முழு வேகத்தில் இருக்கும் நாளில்தான் வரச் சொல்வேன். இரும்பு மோல்டுகள் அடுக்கிய ரேக், அதன் மேல் நகரும் கிரேன், லோடிங் பக்கம் ஆளுயரத்துக்கு மேல் அடுக்கிய பேலட்டுகள், எல்லோர் கையிலும் போன், குறுக்கே ஓடும் ஃபோர்க்லிஃப்ட் என்று எல்லாம் சேர்ந்ததுதான் எங்கள் பேக்டரி. கிரேன் ஓர் இடத்தில் நின்றால் பம்ப் அறைச் சிக்னல் பாதியாகிவிடும். நகர்ந்தால் திரும்பி வந்துவிடும். ஒரு நிமிடம் மீட்டரைப் பிடித்துப் பார்த்துவிட்டு 'ஓகே' என்று எழுதித் தருவதை ஆய்வு என்று ஏற்க முடியாது. இரண்டு மூன்று சென்சாரை மிக மோசமான மூலைகளில் ஒரு வாரம் விட்டு, அனுப்பியதில் எத்தனை வந்து சேர்ந்தது என்று எண்ணச் சொல்லுங்கள்.

கூரை மேல் கேட்வே வைக்கச் சொன்னால் இடியை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே சாயங்கால மழை எப்படி வரும் என்று பினாங்கில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூலிங் டவருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியிருந்தால் சர்ஜ் தடுப்பும் எர்த்திங்கும் கொட்டேஷனிலேயே இருக்கட்டும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி: சென்சாரை ஒட்டுவது. இதைத்தான் எல்லோரும் அரைமணி வேலை என்று நினைக்கிறார்கள். எங்கள் குளிர்ந்த நீர்ப் பம்பின் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். ஒட்டுவதற்கு வசதியாகத் தட்டையாக இருப்பது பின்னால் இருக்கும் ஃபேன் மூடி. ஆனால் அது மெல்லிய தகடு, தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். பேரிங் என்ன சொல்கிறது என்பது அதில் வராது. குளிர்விக்கும் இறக்கைகளின் மேலும் கூடாது. பேரிங் உட்கார்ந்திருக்கும் உறையின் மேலேயே வேண்டும், கப்ளிங் இருக்கும் பக்கம். அங்கே வெளிப்புறம் வளைவாக இருக்கும். மெஷினை நிறுத்தி, பூட்டி, டேக் போட்ட பிறகு அண்ணன் ஒரு பழைய காசு அளவுக்கு இடம் குறித்துக்கொண்டார். பெயின்ட்டைச் சுரண்டினார். எத்தனையோ தடவை மேலே மேலே அடித்த பச்சை, சாம்பல், மறுபடி பச்சை என்று அடுக்கடுக்காக உரிந்து வந்தது. கீழே வார்ப்பிரும்பு தெரிந்ததும் அரம் போட்டுச் சமப்படுத்தினார். ஸ்டீல் ஸ்கேலை மேலே நிறுத்தி, டார்ச்சைப் பின்னால் பிடித்து, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தார். கசிந்தது, மறுபடி அரம். அப்புறம் ஆல்கஹாலில் துடைத்து, இரண்டு டியூப் எப்பாக்ஸியைக் கலந்து, மவுன்டிங் பேடை அழுத்தி, மறுநாள் வரை தொடவே விடவில்லை. மறுநாள்தான் அதில் சென்சாரைத் திருகினார்.

காந்தத்தில் ஒட்டினால் இத்தனை வேலை இல்லை, நொடியில் முடிந்துவிடும். ஆனால் பெயின்ட் மேல் காந்தத்தில் நிற்கும் சென்சாருக்கு மேல் அதிர்வெண்கள் சரியாகப் போய்ச் சேராது. 5 கிலோஹெர்ட்ஸுக்குப் பணம் கொடுத்துவிட்டு அதில் பாதியைப் பெயின்ட்டிலேயே விட்டுவிடுகிறோம். காந்தம் சோதனைக்குச் சரி, நிரந்தரத்துக்கு வேண்டாம். இன்னொன்று: கரைப்பான் அறை போன்ற இடத்தில் வெடிப்புத் தடுப்பு மோட்டார் இருந்தால் அதன் உறையில் துளை போடவே கூடாது. அந்தச் சான்றே செல்லாமல் போய்விடும். சென்சாரும் அந்த இடத்துக்குச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும்.

ஒட்டியாயிற்று, சிக்னல் வருகிறது. அடுத்த சிக்கல் நேரம். பேட்டரியைச் சேமிக்க சென்சார் தூங்கிக்கொண்டே இருக்கும். மணிக்கு ஒருமுறையோ நாளுக்கு நான்கு முறையோ எழுந்து அளக்கும். அது எழுகிற நேரத்தில் மெஷின் ஓட வேண்டுமே! எங்கள் கம்ப்ரசர் லோடு, அன்லோடு என்று மாறிக்கொண்டே இருக்கும். ஸ்டாண்ட்பை பம்ப் வாரக்கணக்கில் சும்மா நிற்கும். இன்வெர்ட்டரில் ஓடும் மோட்டாருக்கு வேகமே நிலையில்லை. லோடில் எடுத்த அளவையும் அன்லோடில் எடுத்த அளவையும் ஒரே கோட்டில் வரைந்தால், ஏறி இறங்கும் அந்தப் படத்தைப் பார்த்து நல்ல மெஷினைப் பிரிப்பார்கள், கெட்ட மெஷினை விட்டுவிடுவார்கள். அதிர்வோ மின்னோட்டமோ ஓர் அளவைத் தாண்டிய பிறகுதான் பதிவு எடுக்கும்படி அமைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அந்தச் சென்சார் நிலையான வேகத்தில் எப்போதும் ஓடும் மெஷினுக்கு மட்டும்தான்.

பேட்டரி ஐந்து வருஷம் வரும் என்பார்கள். எத்தனை முறை அளந்தால், எந்த வெப்பநிலையில் என்று அடிக்குறிப்பைப் படியுங்கள். குளிரூட்டிய அறையில் நாளுக்கு ஒருமுறை அளக்கும் கணக்கு, சூடான மோட்டார் முதுகில் மணிக்கொரு முழுப் பதிவு எடுக்கும் சென்சாருக்குப் பொருந்தாது. பேட்டரியை மாற்ற முடியுமா, இல்லை சென்சாரையே தூக்கிப் போட வேண்டுமா என்பதையும் கேளுங்கள். தீர்ந்த லித்தியம் பேட்டரி நம் நாட்டுச் சட்டப்படி அட்டவணைக் கழிவு; 2005 விதிமுறைகளில் அதன் குறியீடு எஸ்டபிள்யூ 103. சாதாரணக் குப்பையில் போகக் கூடாது. ஸ்டோரில் அதற்கு முதல் நாளே ஓர் இடம் ஒதுக்கிவிடுவது நல்லது.

ஐடி ஆட்களை எதிரியாகப் பார்க்க வேண்டாம். கேட்வேயைப் பேக்டரி நெட்வொர்க்கில் நேராகச் செருகுவதை அவர்கள் தடுப்பதில் நியாயம் இருக்கிறது. தனி விலான், அதாவது பிரித்து வைத்த நெட்வொர்க் பகுதி, கேட்டால் கொடுப்பார்கள். இல்லையென்றால் 4ஜி சிம் உள்ள கேட்வே. எதுவானாலும் ஆர்டர் போடுவதற்கு முன்பே அவர்களைக் கூட்டத்தில் உட்கார வையுங்கள்.

ஒப்பந்தத்தில் நான் விடாமல் கேட்பது டேட்டாவைப் பற்றி. எனக்குத் தெரிந்த ஒரு பேக்டரியில் வருடச் சந்தாவைப் புதுப்பிக்கத் தாமதமானது. டேஷ்போர்டு மூடிக்கொண்டது, சுவரில் கேட்வேயின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, பதிவுகள் மட்டும் கைக்கு வரவில்லை. அந்த மெயின்டனன்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு வருஷ வரலாறு போயிற்று. என் மோட்டாரின் அதிர்வு என்னுடையது என்று நான் நினைக்கிறேன். மூல அலைவடிவத்தை நாமே இறக்கிக்கொள்ள முடியுமா, சந்தா நின்றால் கேட்வே உள்ளூர் சர்வருக்கு எம்க்யூடிடி என்ற பொதுவான செய்தி முறை வழியாக அனுப்புமா, இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். விலையைச் சென்சாருக்கு இத்தனை வெள்ளி என்று பார்க்காமல், ஐந்து வருஷத்துக்குச் சந்தா, சிம், பேட்டரி, ஒட்டும் கூலி எல்லாம் சேர்த்துக் கூட்டுங்கள். மலிவாகத் தெரிந்தது பல நேரம் மேலே போய் நிற்கும்.

கடைசியாக அலாரம். மேனேஜர் லேப்டாப்பில் சிவப்பு விளக்கு எரிந்து என்ன பயன்? ஸ்பேனர் இருக்கும் கைக்குச் செய்தி போக வேண்டும். எங்கள் ஷிப்டில் தமிழ், மலாய், நேபாளி, வங்காளம் எல்லாம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். "அனாமலி ஸ்கோர் 0.87" என்று வந்தால் யாருக்கும் எதுவும் விளங்காது. "3ஆம் நம்பர் பம்ப், மோட்டார், கப்ளிங் பக்கம், போய்ப் பார்" என்று எளிய மலாயில் வரும்படி மாற்றச் சொன்னோம். எல்லையையும் கொடுத்த மாதிரியே வைத்துக்கொள்ளவில்லை. சில வாரம் மெஷினை அதன்போக்கில் ஓடவிட்டு, அதனதன் வழக்கமான அளவு என்ன என்று பார்த்த பிறகுதான் வைத்தோம். தேவையில்லாத அலாரம் அடிக்கடி வந்தால் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவை மியூட் செய்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அந்த 3ஆம் நம்பர் பம்ப் அலாரம் உண்மையிலேயே வந்தது. மொத்த அதிர்வு 2க்குக் கீழேதான் இருந்தது, தரத்தின்படி கவலையே இல்லை. ஆனால் அந்த ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் அதிர்வு வினாடிக்கு எத்தனை தடவை எழுந்து அடங்குகிறது என்று காட்டும் என்வலப் படத்தில் 75 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முள், அதன் இரட்டிப்பில் ஒன்று, மும்மடங்கில் ஒன்று. அந்த மோட்டாரில் எட்டுக் குண்டு உள்ள பேரிங். வெளி ஓடுதடத்தில் அடி இருந்தால் சுற்று வேகத்தை எட்டாலும் 0.4ஆலும் பெருக்கினால் தோராயமாக வரும்: 24.5 பெருக்கல் 3.2, அதாவது 78. கேட்டலாக்கில் இருக்கும் சரியான எண் அதைவிடச் சற்றுக் குறைவு. பொருந்துகிறது. அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். அவர் படத்தை ஒரு பார்வைதான் பார்த்தார். நேராகப் போய் ஸ்க்ரூ டிரைவர் நுனியைப் பேரிங் உறையில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். "இன்னும் சத்தம் வரல மா. ஆனா நீ சொன்னா கழட்டிடலாம்" என்றார்.

ஸ்டாண்ட்பை பம்பை ஓடவிட்டு, திட்டமிட்ட ஷட்டவுனில் கழற்றினோம். வெளி வளையத்தில், கீழ்ப்பக்கம், அரிசி அளவுக்கு உலோகம் உரிந்திருந்தது. புது பேரிங் போட்டு மூடிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். ஏன் உரிந்தது என்று பார்க்காமல் மூட அண்ணன் விடவில்லை. மோட்டார் காலின் போல்ட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி டயல் கேஜ் வைத்தார். ஒரு கால் அடித்தளத்தில் சரியாக உட்காரவில்லை. போல்ட்டை இறுக்கும்போதெல்லாம் மோட்டார் உறையே முறுக்கி, ஷாஃப்ட் கோணிக்கொண்டிருந்தது. காலுக்கு அடியில் ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்து, அலைன்மென்ட் எடுத்து, பிறகு ஓடவிட்டோம். படத்தில் அந்த முட்கள் இல்லை.

அதே காலத்தில், அதே மாதிரி அடித்தளத்தில் வைத்த பம்புகள் எங்களிடம் இன்னும் இருக்கின்றன. சென்சாருக்கு ஒதுக்கியதில் மிச்சமான பணத்துக்கு லேசர் அலைன்மென்ட் கருவி ஒன்று கேட்டு எழுதியிருக்கிறேன். அடுத்த ஷட்டவுனில் அந்தப் பம்புகளின் கால்களை ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம், அலாரம் வந்தாலும் வராவிட்டாலும்.